வீட்டிலிருந்து வேலை, பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்: கம்பெனி எதுவரை பார்க்கலாம்?

ஓஎம்ஆர்வாசி
சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. போன மாதம் எல்லோருடைய லேப்டாப்பிலும் ஒரு மென்பொருள் ஏறியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், ஐந்து நிமிடம் மவுஸ் அசையவில்லை என்றால் ஐடில், அதாவது சும்மா இருந்தோம் என்று கணக்கு வைக்கும். சரி, பொறுத்துக்கொள்வோம் என்றிருந்தேன். போன வாரம் டீம் லீட் கூப்பிட்டு, என் வாட்ஸ்அப் வெப் பக்கத்தின் படத்தைக் காட்டி "வேலை நேரத்தில் இது என்ன?" என்று கேட்டார். அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி நானும் மாமாவும் பேசிக்கொண்டது அது. அந்த இரண்டு நிமிடம் தப்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்காவின் உடம்புக்கு என்ன என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அவள் எங்கள் கம்பெனியில் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே. இப்படிப் படம் எடுப்போம் என்று எங்களுக்கும் யாரும் ஒரு வரி எழுதித் தரவில்லை.

திருச்சி_பில்லிங்
நண்பரே, வருத்தம் புரிகிறது. முதலாளி பக்கத்தையும் கேளுங்கள். நான் 40 பேரை வைத்து மெடிக்கல் பில்லிங், அதாவது சிகிச்சைக்கான பணத்தை இன்சூரன்ஸில் கேட்டு அனுப்பும் வேலை செய்கிறேன். அமெரிக்க நோயாளிகளின் பெயர், நோய், இன்சூரன்ஸ் எண் எல்லாம் எங்கள் திரையில் ஓடும். யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார் என்று பதிவு வைக்க வேண்டும், ஹிப்பா என்கிற அவர்கள் சட்டம் அப்படி. எங்கள் அலுவலகத்தில் ஃபோன் லாக்கருக்குள், மேஜையில் பேனாகூட இருக்காது. இவ்வளவு செய்தும் ஒருவர் வேலையை விடும்போது கிளையன்ட் விவரத்தைத் தன் மெயிலுக்கு அனுப்பிவிட்டார், அந்த கிளையன்ட் போனார், அவரோடு ஆறு பேரின் வேலையும் போனது. லேப்டாப் கம்பெனியுடையது, நேரமும் கம்பெனியுடையது. சொந்தப் பேச்சுக்குச் சொந்த ஃபோன் இருக்கிறதே.

கருப்புக்கோட்டு
கம்பெனிப் பொருள் என்பதால் எல்லாம் பார்க்கலாம் என்ற வாதம் ஐரோப்பாவில் தோற்ற கதை ஒன்று உண்டு. ருமேனியாவில் பெர்புலெஸ்கு என்ற பொறியாளர், கம்பெனி சொல்லித்தான் வாடிக்கையாளர்களுக்காக ஒரு யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கினார். 2007 ஜூலையில் சில நாள் அதைக் கண்காணித்து, சகோதரரோடு பேசியது, மணக்கவிருந்த பெண்ணோடு பேசிய அந்தரங்கம் உட்பட 45 பக்கம் அச்செடுத்து முன்னால் வைத்து, வேலையை விட்டு எடுத்தார்கள். சொந்த உபயோகம் கூடாது என்று விதி இருந்ததும் உண்மை. 2016இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முதலில் கம்பெனி பக்கம்தான் நின்றது. 2017 செப்டம்பர் 5 அன்று அதன் பெரிய அமர்வு 11 நீதிபதிகளுக்கு 6 பேர் என்று அதை மாற்றியது. கண்காணிப்பு எந்த அளவு, செய்தியின் உள்ளே வரை படிப்பார்களா என்று முன்கூட்டியே சொன்னார்களா, இதைவிடக் குறைவாக நுழைந்து முடித்திருக்கலாமா என்பதையெல்லாம் உள்ளூர் நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றது. ஓஎம்ஆர்வாசி கேட்பதும் அதேதான்.

திருச்சி_பில்லிங்
அதே நீதிமன்றம் 2019இல் ஸ்பெயின் சூப்பர் மார்க்கெட் வழக்கில் கம்பெனி பக்கம் நின்றதையும் சொல்லுங்கள் சார். பில் போடும் இடத்தில் சொல்லாமலே கேமரா வைத்து, திருடிய காசாளர்களைப் பிடித்தார்கள். 14க்கு 3, முதலாளி செய்தது செல்லும்.

கருப்புக்கோட்டு
செல்லும் என்றதற்குக் காரணம் இருக்கிறது. மாதாமாதம் ஆயிரக்கணக்கான யூரோ காணாமல் போய், திருட்டு நடக்கிறது என்ற வலுவான சந்தேகம் இருந்தது. கேமரா பார்த்தது ஊர் முழுக்க வந்துபோகும் கல்லாப் பெட்டியை. அதுவும் பத்து நாள்தான். இங்கே 24 மணி நேரமும் எல்லோர் மேலும் சந்தேகம், திரையில் இருப்பது குடும்பப் பேச்சு. இரண்டும் ஒன்றா? நம் ஊர் நிலைமைதான் கவலை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், ஆனால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில், வேலை சம்பந்தமாகவும் முதலாளிக்கு நட்டம் வராமல் இருக்கவும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய வாசல் பாருங்கள்.

நைட்ஷிப்ட்
நீங்கள் எல்லாம் திரையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வெப்கேம். ஷிப்ட் முடிகிறவரை அது என்னைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். எங்களுடையது ஒரே அறை வீடு. அம்மா என் முதுகுக்குப் பின்னால் படுக்கிறார், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுகிறார். இந்தப் படங்கள் எங்கே போகின்றன, எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன், எச்.ஆருக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

திருச்சி_பில்லிங்
தங்கச்சி, அது தப்பு. வீட்டுக்குள் கேமரா வைப்பதை நானும் ஏற்கவில்லை. அலுவலகத்துக்கு வரச் சொல்லலாம், முடியாவிட்டால் நோயாளி விவரம் இல்லாத வேலையைக் கொடுக்கலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட் வேண்டும், இல்லையென்றால் ஆடிட்டில் நான் எதைக் காட்டுவது?

ஓஎம்ஆர்வாசி
அண்ணா, ஆடிட்டுக்குத் தேவை ஃபைலைத் திறந்த பதிவு. அது உங்கள் பில்லிங் மென்பொருளிலேயே இருக்கும், பெயர், நேரம், எந்த ஃபைல் என்று. ஸ்கிரீன்ஷாட் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியின் பெயரும் நோயும் திரையில் இருக்கும்போதே படம் எடுத்து, அந்தக் கண்காணிப்பு மென்பொருள்காரரின் சர்வருக்கு அனுப்புகிறது. நீங்கள் எதை வெளியே போகக் கூடாது என்று ஃபோனைப் பூட்டி வைக்கிறீர்களோ அதை நீங்களே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்புகிறீர்கள். இந்தத் துறையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், அந்த சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா?

திருச்சி_பில்லிங்
கேட்கவில்லை. இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை, உண்மை. திங்கட்கிழமை வெண்டரிடம் பேசுகிறேன். ஐடில் கணக்கை மட்டும் நிறுத்த மாட்டேன், ஒரு நாளைக்கு இத்தனை இன்சூரன்ஸ் கிளெய்ம் என்று கிளையன்ட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நைட்ஷிப்ட்
கிளெய்மை எண்ணுங்கள் சார், மவுஸை ஏன் எண்ணுகிறீர்கள்? கஷ்டமான கிளெய்ம் என்றால் படிக்கவே ஆறு நிமிடம் ஆகும், கை அசையாது. அப்போதுதான் ஐடில் என்று சிவப்பு விழுகிறது.

ஓஎம்ஆர்வாசி
எச்.ஆருக்கு இன்று மெயில் போட்டுவிட்டேன். எதை எடுக்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன், அக்காவின் அந்தப் படத்தை அழித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றும். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.