1939-ல் லெஸ்லி எங்கே இருந்தது?

குழலோசை:
பக்கத்து இழையில் ஒரு பதிவு: "லேப்டாப்பில் ஆர்கன் வாசிக்கும் இன்றைய காஸ்பல் குழுக்கள் மரபைக் கொன்றுவிட்டன. 1939-ல் சிகாகோ ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸில் தொடங்கிய ஹம்மண்ட்–லெஸ்லி ஒலிதான் கறுப்பர் ஆலய இசை." படித்ததும் எரிச்சல் வந்தது. அங்கே ஆர்கன் கலைஞர் கென்னத் மோரிஸ் வாசித்தது ஹம்மண்ட் என்ற மின் ஆர்கன். உள்ளே ஹார்னும் டிரம்மும் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டி 1940-க்கு அப்புறம்தான் கடைக்கே வந்தது. இல்லாத பெட்டி எப்படிச் சுழலும்?

டிராபார்888:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேளுங்கள். வருஷத்தைப் பிடித்துத் தொங்காமல் ஒலிக்கு வாருங்கள். ஹம்மண்ட் பி-3 மாடலின் மேல்வரிசையில், ஒலியின் நிறத்தை மாற்றும் ஒன்பது இழுப்புக் கம்பிகளில் (டிராபார்) முதல் மூன்று முழுக்க வெளியே, மீதி ஆறும் உள்ளே. பர்கஷன் (சுரத்தின் தொடக்கத்தில் விழும் தட்டு) மூன்றாம் ஹார்மோனிக்கில், வைப்ரேட்டோ (சுரநடுக்கம்) சி3 நிலையில். பிரசங்கியார் குரல் ஏறும்போது லெஸ்லியை வேகத்துக்குத் தட்டுவார்கள். மேலே இருக்கும் ஹார்ன் ஒரு வினாடியில் வேகம் பிடிக்கும். கீழே டிரம் கனமானது, நாலைந்து வினாடி ஆகும். சபையை எழுப்புவது அந்த இடைவெளிதான். லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்தே ஏறித் தொலைக்கும்.

குழலோசை:
1939-ல் லெஸ்லி உண்டா, இல்லையா? பதில் வரவில்லை. நீங்கள் சொன்ன பர்கஷனும் 1950-களின் நடுவில் பி-3 வந்தபோது வந்ததுதான். ஆரம்பகால லெஸ்லிகளில் மெதுவேகமே கிடையாது. சுழலும், இல்லாவிட்டால் நிற்கும். ஆக, நீங்கள் மரபு என்று கும்பிடுகிற ஏற்றமே பிற்காலச் சேர்க்கை. மென்பொருளில் ஹார்னுக்கு 1 வினாடி, டிரம்முக்கு 5 வினாடி என்று தனித்தனியாக வையுங்கள். வேகத்தில் ஹார்ன் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று, டிரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அமைப்பைத் திறந்தே பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

சபைப்பாட்டு:
இரண்டு பேரும் பெட்டியை விட்டு வெளியே வாருங்கள். ஜார்ஜியா மெக்கின்டோஷ் கவுண்டியில் கறுப்பர்கள் வட்டமாக நகர்ந்து பாடி வழிபடும் ரிங் ஷவுட்டில் ஆர்கனே கிடையாது. ஒருவர் கட்டையால் மரத்தரையில் தாளம் போடுவார், மற்றவர்கள் இடஞ்சுழியாக நகர்வார்கள். கால் குறுக்கே விழுந்தால் அது நடனம் ஆகிவிடும், ஆலயத்தில் ஆகாது. 1871-ல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி பாடகர்கள் ஸ்பிரிச்சுவல்கள் என்ற அடிமைக்காலப் பக்திப் பாடல்களைக் கச்சேரி மேடைக்கு மாற்றினார்களே, அதுவும் மறு ஆக்கம்தான்.

டிராபார்888:
குவார்டெட் (நால்வர் குழுப் பாட்டு) பற்றிய இழையில் பட்ட கோபத்தை இங்கே இறக்குகிறீர்கள். இங்கே பேச்சு ஆர்கனைப் பற்றி.

சபைப்பாட்டு:
அந்த இழையைப் பாதியில் விட்டு ஓடியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

கட்டைவிரல்:
ஹம்மண்டைப் போலச் செய்யும் குளோன்களில் கெடுவது சுழற்சி இல்லை, பர்கஷன். அசல் பி-3-இல் எல்லா விரலும் எழுந்தால்தான் அடுத்த தட்டு விழும். கோத்து வாசித்தால் முதல் சுரத்துக்கு மட்டும். மலிவான கீபோர்டு ஒவ்வொரு கட்டைக்கும் தட்டும், ஓட்டம் நாசம். பர்கஷன் போட்டால் ஒன்பதாம் டிராபார் ஊமையாக வேண்டும், அதையும் சோதியுங்கள்.

அசல்தான் வேண்டும் என்று 60 ஹெர்ட்ஸ் ஆர்கனை 50 ஹெர்ட்ஸ் ஊருக்கு இறக்குபவர்களுக்கு: மோட்டார் மின்சார அலைவெண்ணோடு ஓடுவது. சி சுரத்தை அழுத்தினால் ஏ சுரம் கேட்கும். அலைவெண் மாற்றி இல்லாமல் சரியாகாது.

டிராபார்888:
பார்த்தீர்களா? குளோன் கெடும் என்று அவரே சொல்கிறார்.

கட்டைவிரல்:
மலிவான குளோன் என்றேன். முழுசாகப் படியுங்கள் சார்.

குழலோசை:
காஸ்பல் இசையமைப்பாளர் தாமஸ் டார்சி ப்ளூஸ் பியானோவை ஆலயத்துக்குள் கொண்டுவந்தபோதும் இதே வசவுதான் விழுந்தது. 1997-ல் காஸ்பல் கலைஞர் கிர்க் ஃபிராங்க்ளின் ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் குழுவின் பாட்டை எடுத்துக் காஸ்பலில் சேர்த்தபோதும் அதேதான். ஆனால் பேச்சை மாற்ற விடமாட்டேன். 1939-ல் லெஸ்லி உண்டா?

டிராபார்888:
காது இல்லாதவரிடம் வருஷக் கணக்குதான் மிஞ்சும். மெதுவிலிருந்து வேகத்துக்குப் போகும் அந்த நாலைந்து வினாடிக்கு ஈடு காட்டுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

குழலோசை:
ஈடு சொல்லியாயிற்று, மேலே எண்களோடு இருக்கிறது. லெஸ்லிக்கு முன்பு ஹம்மண்டுக்குத் துணை அந்தக் கம்பெனியின் சொந்த ஸ்பீக்கர் பெட்டியான டோன் கேபினெட்தான். அதை உங்கள் பதிவில் திருத்தி எழுதுங்கள், டிராபாருக்கு அப்புறம் வருகிறேன்.

டிராபார்888:
திருத்த ஒன்றும் இல்லை.