ஹிப் ஹாப் பீட்டுக்குப் பெட்டி வேண்டுமா, லேப்டாப் போதுமா?

களக்காட்டான்
பங்குனியில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் விடிய விடியக் கணியான் கூத்து. கணியான்கள் தட்டும் தோல் கருவியான மகுடத்தில் உச்சம், மந்தம் இரண்டையும் கைப் பதிவுக் கருவியில் பதிந்து வந்தேன். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஒரு பீட் கட்டலாம் என்று லேப்டாப்பில் நான்கு நாள் மல்லுக்கட்டினேன். கல்யாண வீட்டு கீபோர்டு வாசிப்பு போலத்தான் வந்தது. பிறகு நண்பர் ஒருவரின் எம்பிசி ஒன் பெட்டியை (பதிந்த ஒலியை வெட்டி, பேடில் தட்டி வாசிக்கும் கருவி) ஒரு மாலைக்கு இரவல் வாங்கினேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மென்பொருளில் தாளத்துக்கு உயிர் வராது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். பழைய பெட்டி ஒன்றுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கப் போகிறேன். தடுப்பவர்கள் தடுக்கலாம்.

வண்ணார்பேட்டை 96
தடுக்கிறேன் அண்ணாச்சி. எம்பிசி ஒன்னுக்குள் ஓடுவது லினக்ஸ், நினைவகம் 2 ஜிபி. ஒரு சிறிய கணினிக்கு 7 அங்குலத் தொடுதிரையும் 16 ரப்பர் பேடும் வைத்திருக்கிறார்கள். மென்பொருளைத் திட்டிவிட்டு மென்பொருளையே விலைக்கு வாங்குகிறீர்கள்.

'உயிர்' என்று நீங்கள் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. டிரம் மெஷின் வடிவமைப்பாளர் ரோஜர் லின் கொண்டுவந்த ஸ்விங் என்பது, ஓர் ஆவர்த்தத்தைப் பதினாறாகப் பிரித்த அடிகளில் இரண்டாவது, நான்காவது என இரட்டைப்படை அடிகளைச் சற்றுத் தாமதப்படுத்துவது. 50 சதவீதம் என்றால் அந்த அடி இரண்டு ஒற்றைப்படை அடிகளுக்குச் சரிபாதியில் விழும், நேர்நடை. 66 என்றால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தள்ளி விழும். 90 வேகத்தில் 54 வைத்தால் அந்த அடி சுமார் 13 மில்லிசெகண்ட் பிந்தும். இதை எந்தப் பெட்டியும் எந்த மென்பொருளும் ஒரே மாதிரி செய்யும். பழைய எம்பிசி ஆவர்த்தத்தின் நான்கில் ஒரு பங்கை 96 கூறாக்கியது. எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளில் தொடக்கத்தில் இருப்பதும் அதே 96 (என் பெயரில் இருப்பதும் அதுதான்). நீங்கள் எல்லா அடியையும் திரையிலுள்ள தாளக் கட்டத்தில் ஒட்டவைத்திருப்பீர்கள். பழி லேப்டாப் மேல்.

களக்காட்டான்
ஹிப் ஹாப் பீட் தயாரிப்பாளர் ஜே டில்லா ஒட்டவைக்காமல் கையால் வாசித்தார். அவருடைய எம்பிசி 3000 இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாருடைய மவுஸாவது அங்கே இருக்கிறதா?

வண்ணார்பேட்டை 96
அவர் வெறும் கையால் மட்டும் வாசிக்கவில்லை. அடிகளை முன்பின் நகர்த்தும் வசதி அந்தப் பெட்டியிலேயே உண்டு, அதையும் பயன்படுத்தினார். எண்ணைத் தட்டி நகர்த்துவதற்கும் மவுஸால் நகர்த்துவதற்கும் என்ன வேறுபாடு?

அம்பை மாணவன்
60,000 ரூபாயை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது ஓர் ஆண்டு விடுதிச் செலவு. பீட் தயாரிப்பாளர் நைன்த் வொண்டர் தொடக்கத்தில் ஃப்ரூட்டிலூப்ஸில்தான் (எஃப்எல் ஸ்டுடியோவின் பழைய பெயர்) பீட் செய்தார் என்பதை வைத்தே நான் தைரியமாக இருக்கிறேன். என் கையில் இருப்பது அதன் சோதனைப் பதிப்பு. சேமிக்கலாம், மறுபடி திறக்க முடியாது. அதனால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்து ஒலிக்கோப்பாக எடுத்துவிடுவேன்.

கொக்கிரகுளத்தான்
மேலே அந்தத் தம்பி சொன்னதைக் கவனித்தீர்களா? திறக்க முடியாது என்பதால் முடித்துவிடுகிறார். பெட்டி தருவதும் அந்த நெருக்கடியைத்தான். 1987இல் வந்த எஸ்பி-1200 பெட்டியில் மொத்தமே 10 விநாடிதான் சாம்பிள் (வெட்டியெடுத்த ஒலித்துண்டு) வைக்கலாம். ஒரு பேடுக்கு இரண்டரை விநாடி. 90 வேகத்தில் ஓர் ஆவர்த்தமே 2.67 விநாடி, உள்ளே போகாது. அதனால் 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் சுருதியை இறக்கினார்கள். பதிவுத் தரமும் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ்தான். அந்தக் கரகரப்பு திட்டமிட்டு வந்ததில்லை, இடப்பற்றாக்குறையில் வந்தது. லேப்டாப்பில் ஆயிரம் கிக் டிரம் ஒலி இருக்கிறது. நான் ஒரு மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்து, ஒன்றையும் எடுக்காமல் சோறு உண்ணப் போயிருக்கிறேன்.

அது இருக்கட்டும். களக்காட்டுத் தம்பி, மகுடத்தை எத்தனை மணிக்குப் பதிந்தீர்கள்?

களக்காட்டான்
பதினொன்றரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. லேப்டாப்பில் இரண்டிலிருந்தும் வெட்டிச் சேர்த்தேன். நண்பரின் மெமரி அட்டையில் இடமில்லாததால் பெட்டியில் மூன்று மணிப் பதிவு மட்டும்தான்.

கொக்கிரகுளத்தான்
நினைத்தேன். மகுடம் தோல். இரவு ஏற ஏறத் தொய்யும், தீயில் காட்டி மறுபடி ஏற்றுவார்கள். பதினொன்றரை மணி உச்சமும் மூன்று மணி உச்சமும் ஒரே சுருதியில் இருக்காது. இரண்டையும் ஒரே லூப்பில் கோத்தால் கல்யாண வீட்டு கீபோர்டுகூட நன்றாக இருக்கும்.

வண்ணார்பேட்டை 96
நான்கு நாள்!

களக்காட்டான்
சிரித்துக்கொள்ளுங்கள். சுருதி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். இன்று மூன்று மணிப் பதிவை மட்டும் வைத்து, ஸ்விங் 54இல் லேப்டாப்பிலேயே கட்டினேன். முன்பைவிட நன்றாக வருகிறது. ஆனால் மந்தத்தை நானே தட்டி வாசித்தால் விரல் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். பெட்டியில் அது நடக்கவில்லை. அதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

வண்ணார்பேட்டை 96
பஃபர் எவ்வளவு? லேப்டாப் ஒலியை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவைக் கேட்கிறேன்.

களக்காட்டான்
512.

வண்ணார்பேட்டை 96
விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகளில் 512 என்றால் கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட், அதுவும் பஃபருக்கு மட்டும். நீங்கள் வைத்த ஸ்விங்கின் அளவு தாமதம் அங்கேயே போய்விடுகிறது. 128க்கு இறக்குங்கள், 3க்கு வந்துவிடும். லேப்டாப் திணறினால் மற்ற தடங்களை ஒலிக்கோப்பாக மாற்றிவிட்டுத் தட்டுங்கள். இந்த இடத்தில் மட்டும் பெட்டிக்காரர்களுக்கு ஒரு புள்ளி தருகிறேன்: அவர்கள் இந்தத் தலைவலியை அறியமாட்டார்கள்.

களக்காட்டான்
மின்சாரம் போனால்?

கொக்கிரகுளத்தான்
எம்பிசி ஒன்னில் பேட்டரி கிடையாது தம்பி. மின்வெட்டில் உங்கள் 60,000 ரூபாய் இருட்டில் உட்கார்ந்திருக்கும், லேப்டாப் ஓடும். பெட்டிதான் வேண்டும் என்றால் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும் எஸ்பி-404 எம்கே2 பாருங்கள். திரை சிறியது. வாசிக்க என் கண்ணாடியை இரவல் தருகிறேன்.

அம்பை மாணவன்
அந்த மூன்று மணிப் பதிவை எனக்கும் அனுப்புவீர்களா அண்ணாச்சி? கணியான்களிடம் கேட்டுத்தானே பதிந்தீர்கள்?

களக்காட்டான்
பதியக் கேட்டேன், பாட்டில் போடக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூத்துக் குழுவின் தலைவரான மூத்த அண்ணாவியைப் பார்க்கப் போகிறேன். அதுவரை கோப்பு என்னிடமே இருக்கட்டும்.