பி.எஸ்சி விலங்கியல் இரண்டாம் ஆண்டு: அலைடு, அரியர், எம்.எஸ்சி நுழைவுத் தேர்வு – எதை எப்போது?

கீரிப்பிள்ளை:
வணக்கம். அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி விலங்கியல், ஜூனில் இரண்டாம் ஆண்டு. +2வில் பியூர் சயின்ஸ் குரூப். கணக்கு பத்தாம் வகுப்போடு சரி. முதல் ஆண்டு அலைடு (துணைப் பாடம்) வேதியியல். அதில் இரண்டாம் செமஸ்டர் தியரி அரியர் (இன்டர்னல் 19, எக்ஸ்டர்னல் 26). மொத்தம் 45 இருந்தும் ஏன் ஃபெயில் என்று புரியவில்லை. இந்த ஆண்டு அலைடு தாவரவியலா, உயிர்வேதியியலா என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஐ.ஐ.டி.யிலோ மத்தியப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி படிக்க ஆசை. வீட்டில் பி.எட் முடித்து வாத்தியார் வேலைக்குப் போ என்கிறார்கள். இரண்டில் எதுவும் கெட்டுப்போகாமல் எப்படித் திட்டமிடுவது?

செமஸ்டர் சித்தப்பா:
முதலில் அரியர், தம்பி. மொத்தத்தில் 40 வாங்கினால் மட்டும் போதாது. எக்ஸ்டர்னலில் 75க்கு 30 தனியாக வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதுதான் விதி. இன்டர்னல் 19 அப்படியே நிற்கும், ஆக நான்கு மார்க்கில்தான் போயிருக்கிறது.

வேதியியல் அலைடில் உயிரியல் பிள்ளைகள் விழும் இடம் ஒன்றுதான்: யூனிட்டை விடுவது. பத்து ஒரு மார்க், ஐந்து 5 மார்க், ஐந்து 8 மார்க் என்று வருகிற வினாத்தாளில் ‘அல்லது’ கேள்வி அதே யூனிட்டுக்குள்தான் இருக்கும். ஒரு யூனிட்டை விட்டால் ஒரு மார்க் கேள்விகளையும் சேர்த்து 15 போகும். இரண்டை விட்டால் மிச்சம் 45. அதில் 30 எடுக்க மீதி மூன்று யூனிட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு எழுதியாக வேண்டும். ஐந்தையும் அரைகுறையாகப் படித்தவன்கூட பாஸாவது இதனால்தான்.

நவம்பரிலேயே எழுதிவிடுங்கள். தேர்வு விண்ணப்பத்தில் அரியர் தாளின் குறியீட்டையும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். நடப்பு செமஸ்டருக்கு மட்டும் கட்டிவிட்டு, ஹால் டிக்கெட்டில் தாளைக் காணோம் என்று அலைபவர்கள் வருடா வருடம் உண்டு. பாடத்திட்டம் மாறினால் பழைய தாளைச் சில முறைதான் நடத்துவார்கள், அதையும் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா:
நுழைவுத் தேர்வு பக்கம் நான் சொல்கிறேன்.

ஐ.ஐ.டி. எம்.எஸ்சிக்கான நுழைவுத் தேர்வு ஜாம். அதில் உங்களுக்கானது பயோடெக்னாலஜி தாள். 60 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். இதில் 50 மார்க்குக்குத்தான் நெகட்டிவ். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள பகுதிக்கும் (20) எண்ணை டைப் செய்யும் பகுதிக்கும் (30) நெகட்டிவ் கிடையாது. உயிரியல் டிகிரி அளவில் இருக்கும். வேதியியல், இயற்பியல், கணக்கு மூன்றும் +2 அளவில். சில இடங்களில் +2வில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எனவே தகவல் கையேட்டில் குறைந்தபட்சக் கல்வித் தகுதி அட்டவணையைப் பார்த்துவிட்டு அப்புறம் விருப்பப் பட்டியல் போடுங்கள்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிக்கும் சியூஇடி பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு. 75 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை உதவியில் நடக்கும் எம்.எஸ்சிகளுக்கு காட்-பி என்ற நுழைவுத் தேர்வு, அதிலும் முதல் 60 கேள்வி +2 பாடம், கணக்கு உட்பட.

கணக்குக்கு கோச்சிங் தேவையில்லை. நம் பாடநூல் கழகத்தின் 11ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகம் போதும். மடக்கை, சேர்வியல், அணிகள், வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு என்ற வரிசையில் போங்கள். கேள்வி வரும் விதத்துக்கு ஒரு மாதிரி: பெற்றோர் இருவரும் ஒரு ஒடுங்கு நோயின் கடத்திகள், நான்கு பிள்ளைகளில் சரியாக ஒருவருக்கு நோய் வர வாய்ப்பு என்ன? 4 × ¼ × (¾)³ = 27/64, அதாவது 0.42. மரபியல் தெரிந்தவர்கள் ¼ என்று போட்டுவிட்டு நிற்பார்கள். அது ஒரு பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு மட்டும்தான். மற்ற மூவருக்கும் வராமல் இருப்பதையும் (¾)³, ‘நான்கில் யார் அந்த ஒருவர்’ என்ற 4ஐயும் பெருக்க மறப்பதுதான் காரணம்.

அலைடுக்கு என் ஓட்டு உயிர்வேதியியல். நொதி வினைவேகம், பஃபர், அமினோ அமிலம் எல்லாத் தேர்விலும் வரும்.

நெட்டிலிங்கம்:
அலைடு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. உயிர்வேதியியல் எப்படியும் கோர் (முதன்மைப் பாட) தாள்களில் செல் உயிரியல், உடலியங்கியல் வழியாக வந்துவிடும். விலங்கியல் மாணவருக்கு உண்மையான ஓட்டை தாவரம்தான். எம்.எஸ்சிக்குப் பிறகு எழுதும் சிஎஸ்ஐஆர் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) உயிர் அறிவியல் தாளில் 13 யூனிட். ஆறாவது முழுக்கத் தாவர உடலியங்கியல். ஒளிச்சேர்க்கையையும் தாவர ஹார்மோன்களையும் எம்.எஸ்சி முடித்த பிறகு முதல்முறையாகத் தொடுவது கொடுமை. தாவரவியல் எடுங்கள்.

வாத்தியார் வேலை பற்றி இரண்டு செய்தி. ஒன்று, அங்கேயும் கணக்கு விடாது. பட்டதாரி ஆசிரியருக்கான டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் சேர்த்து 60 கேள்வி. ஆக இரண்டு வழிக்கும் பொதுவான வேலை அந்தக் கணக்குதான், அதை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.

மற்றது எம்.எஸ்சியின் பெயர். முதுகலை ஆசிரியர் பணிக்கு விலங்கியல் என்று கேட்டால் எம்.எஸ்சி பயோடெக்னாலஜியோ லைஃப் சயின்ஸோ தானாக ஈடாகாது. இணைத்தன்மை அரசாணை (இரண்டு பட்டமும் சமம் என்னும் ஆணை) இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க வேண்டியதுதான். பெயரைச் சேரும்போதே டிஆர்பி-யின் (ஆசிரியர் தேர்வு வாரியம்) கடைசி அறிவிக்கையோடு ஒப்பிடுங்கள். கல்லூரி உதவிப் பேராசிரியராக விரும்பினால் பி.எட் வேண்டாம், எம்.எஸ்சியில் 55 சதவீதம், கூடவே நெட் அல்லது செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு).

கீரிப்பிள்ளை:
நன்றி. தாவரவியலே எழுதிக் கொடுக்கிறேன். உயிர்வேதியியலை என்பிடெல்-லில் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடங்கள்) படித்தால் கிரெடிட் கிடைக்குமா?

மைட்டோகாண்ட்ரியா:
சரி, நெட்டிலிங்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

12 வாரப் பாடம் என்றால் 3 கிரெடிட். ஆனால் பதிவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். முடித்த பிறகு சான்றிதழை நீட்டினால் பெரும்பாலும் நடக்காது. அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. முறையே 10ம் 30ம் குறைந்தபட்சம். 12 அசைன்மென்டில் சிறந்த 8 மட்டும் கணக்கில் வரும். தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிய வேண்டும், வீடியோ பார்க்கப் பதிந்தது தேர்வுப் பதிவாகாது. ஜூலைப் பருவத் தேர்வு உங்கள் செமஸ்டர் செய்முறைத் தேர்வோடு மோதலாம். அரியரும் இருக்கிற செமஸ்டர் இது, ஜனவரிப் பருவம் எடுங்கள்.

செமஸ்டர் சித்தப்பா:
காலக்கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜாம் விண்ணப்பம் ஐந்தாம் செமஸ்டர் நடுவில், செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மார்ச்சில் சியூஇடி. ஆறாம் செமஸ்டர் புராஜெக்டும் ரெக்கார்டும் அதே சமயத்தில் கழுத்தை நெரிக்கும், படிப்பு நான்காம் செமஸ்டர் விடுமுறையிலேயே முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். வேதியியல் அரியர் கடைசி ஏப்ரல் வரை இழுத்தால், சீட் கிடைத்தும் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) காட்ட முடியாமல் போகும். சில பல்கலைக்கழகங்கள் ஒரே தாள் பாக்கி உள்ள இறுதியாண்டுக்காரர்களுக்கு உடனடித் தேர்வு வைக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் உண்டா என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள், ஆனால் அதை நம்பி நவம்பரை விடாதீர்கள்.