காய்ச்சல் விட்டது, நெஞ்சு பிடித்தது

நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து ஸ்கார்பரோவில். போன ஜனவரியில் அப்பாவுக்கு ஃப்ளூ. வயது 71, சுகரும் உண்டு. அம்மா வழக்கம்போல மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்து, நெஞ்சுக்குச் சித்தாலேப தைலம் தேய்த்துவிட்டா. ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்துவிட்டது, ஆனால் இடது தோளுக்குள் ஏதோ பிழிகிற மாதிரி இருக்கு என்றார், இருமி இருமி வந்த நோவுதானே என்று நாங்களும் பேசாமல் விட்டுவிட்டோம். விடிய நாலு மணிக்குப் பார்த்தால் பெனியன் முழுக்கக் குளிர்ந்த வேர்வை. 911 அடித்து, அம்புலன்ஸ் வந்து, மாரடைப்பு என்று அன்றைக்கே இரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைத்தார்கள். தப்பிவிட்டார்.

நர்ஸ் கேட்டா, இந்த முறை ஃப்ளூ ஊசி போட்டவரா என்று. என்ன சொல்வது? ஒன்டாரியோவில் அது இலவசம், எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கிற பார்மசியிலேயே போடுவார்கள். "ஊசி போட்டால்தான் தம்பி காய்ச்சலே வரும்" என்று மூன்று வருசமாக மறுத்தவர் இவர்.

பிறகுதான் தேடி வாசித்தேன். இதே ஒன்டாரியோ நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வந்திருக்கிறது: பரிசோதனையில் ஃப்ளூ என்று தெரிந்த முதல் 7 நாளில் மாரடைப்பு மற்ற நாட்களைவிட 6 மடங்கு. கிருமியோடு உடம்பு சண்டை பிடிக்கிற நேரம், இரத்தக்குழாயில் ஏற்கெனவே படிந்த கொழுப்பு வெடித்து அதன்மேல் இரத்தம் உறையலாமாம். நாங்கள் இருமல் என்று விட்டதும் அந்த வாரம்தான்.

---

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்க மாமா ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபோது ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை என்று சீட்டு நிறைய எழுதியிருந்தார்கள், தடுப்பூசி பற்றி ஒரு வரி கிடையாது. நானாகக் கேட்ட பிறகுதான் "ஆமா, போட்டுக்கலாமே" என்றார் டாக்டர். ஸ்வீடன்காரர்கள் முன்னின்று 8 நாடுகளில் ஒரு ஆய்வு நடத்தினார்கள், வங்கதேசமும் அதில் உண்டு. பெரும்பாலும் மாரடைப்போடு வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சிலருக்கு ஃப்ளூ ஊசி, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணி. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் உப்புத்தண்ணிப் பக்கம் 4.9 சதவீதம், ஊசிப் பக்கம் 2.9. கொரோனா வந்து ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது, இருந்தாலும் 2,500 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். சரி, அப்பா இப்போ எப்படி இருக்கார்?

---

சுகம். ஒக்டோபரில் தானாகவே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கை நோகுது என்று இரண்டு நாள் ஒரே முனகல், அதற்கும் அம்மா மல்லித்தண்ணி அவித்தா.