எஸ்யூவி ஹெட்லைட் மாற்றங்கள்: டெல்டா ரோட்டில் பார்த்ததும் பிரித்ததும்

குடந்தை_ஒயரிங்

பொலேரோ ஒன்று. 100/90 பல்ப் (பிரைட் 100 வாட், டிம் 90 வாட்) மாற்றியது. புகார் ரெண்டு: வெளிச்சம் பத்தலை, கொஞ்ச நேரம் ஓடினா கருகுற வாடை வருது. வலது பக்க ஹோல்டரைப் பிடித்து இழுத்தால் பாதி பல்ப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மீதி உருகி, ஒயர் மேலேயே வழிந்து இறுகிப்போயிருந்தது. டிம் பின் கறுத்துப்போய், சுரண்டினாலும் செம்பு தெரியலை.

மீட்டர் வைத்தபோது இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 10.9. ஆலசன் பல்ப்பில் வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கும், ஏறத்தாழ 3.4-வது அடுக்கில். 13.2 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டுச் செய்த பல்ப்புக்கு 12 கிடைத்தால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் காலி. 10.9 என்றால் பாதி காலி. அந்த 90 வாட் டிம், சாதாரண 55 வாட் பல்ப் முழு வோல்ட்டேஜில் தருகிற வெளிச்சத்தைக்கூடத் தரவில்லை. காணாமல் போன கிட்டத்தட்ட 3 வோல்ட்டை இரண்டு பல்ப்பும் சேர்ந்து இழுக்கிற சுமார் 14 ஆம்ப்பால் பெருக்குங்கள், 40 வாட். ஒரு சால்டரிங் அயர்னை பானெட்டுக்குள் சொருகிவைத்த மாதிரி அவ்வளவும் ஒயர், ஹோல்டர், சுவிட்ச் கான்டாக்ட் மேல் சூடாக இறங்குகிறது.

ரோட்டுக்கு அனுமதி உள்ள எச்4 பல்ப் (டிம், பிரைட் இழை இரண்டும் ஒன்றிலேயே உள்ள வகை) 60/55 மட்டும்தான். அதையே ரிலேயில் (சுவிட்சின் சின்னக் கரண்டால் பேட்டரியின் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற பெட்டி) ஓட்டினால் போதும். 100/90 வாங்குகிற காசில் ரிலே கிட் வந்துவிடும்.

மன்னை_ஆட்டோ_எலக்ட்ரிக்

குடந்தைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனா "ரிலே போடுங்க"ன்னு ஒரே வரியில் விட்டா, ரிலே போட்டும் வேலை செய்யாம நிக்கிற வண்டி நிறைய. அப்படி ஒரு வண்டி: ஆன்லைனில் வாங்கின ரெடிமேட் கிட், எல்லாம் பளபளன்னு மாட்டியிருக்கு, டிம் எரியுது, பிரைட் போட்டா ரெண்டு ரிலேயும் கடகடன்னு துடிக்குது. கிட்டில் கோளாறு இல்லை. வண்டி எர்த் பக்கம் சுவிட்ச் ஆகுற வண்டி (சுவிட்ச் பிளஸ்ஸை இல்லை, எர்த்தைத்தான் இணைச்சுத் துண்டிக்கும்), கிட் பாசிட்டிவ் பக்கத்துக்குச் செய்தது.

முதலில் இதைப் பாருங்க. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு, கம்பெனி ஹோல்டரை பல்ப்பிலிருந்து கழற்றி, மூணு பின்னையும் பாடி எர்த்தோடு மீட்டரில் பாருங்க. மேலே படுக்கையா இருக்கிறது டிம். நிக்கிற ரெண்டில் ஒண்ணு பிரைட், ஒண்ணு பொது. டிம், பிரைட் மாத்தும்போது அந்தந்தப் பின்னில் 12 வோல்ட் வந்து போனா பாசிட்டிவ் சுவிட்ச். பொதுப் பின்னில் எப்பவும் 12 நின்னா எர்த் சுவிட்ச். ஜப்பான் வழி வண்டிகள் பலதில் இதுதான்.

பாசிட்டிவ் வண்டிக்கு: ரிலே ரெண்டு, 12 வோல்ட் 30 ஆம்ப். ஒண்ணு டிம்முக்கு, ஒண்ணு பிரைட்டுக்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மி.மீ ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்ளேயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் நம்பர் பின்னுக்கு (30, 87, 86, 85 எல்லாம் ரிலே பின் நம்பர்கள்). 87-லிருந்து ரெண்டு புது செராமிக் ஹோல்டருக்கும் அதே கனத்தில் ஒயர். பழைய ஹோல்டரின் டிம் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. 86, 85-க்கு நடுவே ரிலேக்குள்ள இருக்கிற காயில் கால் ஆம்ப்கூட இழுக்காது, அங்கே 0.75 போதும். ஒவ்வொரு ரிலேக்கும் தனி ஃபியூஸ், 15 ஆம்ப். ஒரே ஃபியூஸில் ரெண்டையும் கட்டினா அது போற நேரம் டிம்மும் போகும் பிரைட்டும் போகும், இருட்டில் நிப்பீங்க.

எர்த் சுவிட்ச் வண்டிக்கு காயிலின் ஒரு முனையை பொதுப் பின்னுக்கும், இன்னொண்ணை அந்தந்த டிம் அல்லது பிரைட் பின்னுக்கும் கொடுங்க. பாடி எர்த்தை காயிலில் தொடவே கூடாது. மத்ததெல்லாம் அதேதான்.

பலர் கோட்டை விடுறது ஹோல்டரின் எர்த் ஒயர். பிளஸ்ஸுக்கு 2.5 இழுத்துட்டு எர்த்தைப் பழைய மெல்லிய ஒயரிலேயே விட்டா பாதி நஷ்டம் அப்படியே நிக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, ஒயர் முனையில் லக் (உலோக வளையம்) வெச்சு நசுக்கி கிரிம்ப் பண்ணி, போல்ட் போட்டு இறுக்குங்க.

ரிலேயைப் பின் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி மாட்டணும். மேல்நோக்கி மாட்டினா ஐப்பசி மழையில் தண்ணி உள்ளே தேங்கும். டர்போ, சைலன்சர் பக்கம் ஒயர் போகக் கூடாது. ஜாயின்ட்டில் இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தாதீங்க. சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் கோந்து இளகி அவிழ்ந்துடும். ஹீட் ஷ்ரிங்க், மேலே வரிக்குழாய்.

முடிஞ்சதும் ஒரு பரீட்சை: லைட் எரியும்போதே மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ், மறுமுனை ஹோல்டரின் டிம் பின். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினா எங்கேயோ கிரிம்ப் சரியில்லை.

திருவையாறு_காவேரிக்கரை

ரிலே வேலை சரி. ஆனால் மேலே இரண்டு பேருமே எதிரே வருகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே.

கல்லணை–பூம்புகார் ரோட்டில் எதிரே ஒரு எஸ்யூவி, ஆலசன் பல்ப்புக்குச் செய்த ரிஃப்ளெக்டர் கிண்ணத்தில் எல்இடி பல்ப். டிம்மில்தான் வந்தான், பிரைட் போடவில்லை. அந்த வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவே சைக்கிளில் ஒருவர், கேரியரில் புல்லுக்கட்டு. வண்டி கடந்துபோன பிறகுதான் அவர் இருந்ததே தெரிந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், ஒதுங்க ஒரு முழம் மண் கிடையாது.

காரணம் இதுதான். எச்4 பல்ப்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகர மறைப்பு உண்டு. அதனால்தான் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு ரோட்டுக்கு இறங்கும். எல்இடி பல்ப்பில் சிப்கள் இழை இருந்த அதே இடத்தில் இல்லாமல் ஒரு மி.மீ தள்ளியிருந்தாலும், பட்டை தடிமனாக இருந்தாலும், அந்தக் கணக்கு குலைந்து வெளிச்சம் மேலே சிதறும். போட்டே ஆகவேண்டும் என்றால் சிப்கள் இரண்டும் பக்கவாட்டில், கடிகாரத்தின் 3-ஐயும் 9-ஐயும் பார்க்கட்டும். பல பல்ப்புகளில் காலரைத் தளர்த்தித் திருப்பலாம். சுவரில் மேல் விளிம்பு கோடு மாதிரி விழவேண்டும். புகை மாதிரி மேலே ஏறினால் அந்த பல்ப் அந்தக் கிண்ணத்துக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பல்ப் எதுவானாலும் உயரம் வைக்காமல் விடாதீர்கள். சீசன் முடிந்த கொள்முதல் நிலையத்து சிமென்ட் களம் இதற்கு நல்ல இடம், சமதளம், எதிரே சுவர். டயர் காற்று சரி, டிரைவர் சீட்டில் ஒருவர், பின்னால் சுமை இல்லை, லெவலிங் திருகி (டாஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்குகிற குமிழ்) 0-வில். சுவரிலிருந்து 10 மீட்டர். விளக்கின் மையம் தரையிலிருந்து எத்தனை செ.மீ என்று அளந்து சுவரில் சாக்பீஸ் கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 செ.மீ கீழே விழவேண்டும். 90 செ.மீ உயர விளக்கு 10 மீட்டருக்கு 10 செ.மீ இறங்கினால் 90 மீட்டரில் ரோட்டைத் தொடும், 15 செ.மீ இறங்கினால் 60 மீட்டரில். கோட்டுக்கு நேராகவே வைத்தால் ரோட்டைத் தொடவே தொடாது, எதிரே வருகிறவன் கண்ணில்தான் முடியும். பின்னால் ஆறு பேரும் அரிசி மூட்டையும் ஏறினால் மூக்கு தூக்கும், அப்போது திருகியை 2, 3-க்குக் கொண்டுபோங்கள். அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-வது விதி இதைத்தான் சொல்கிறது: 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண் கூசக் கூடாது. 1.5 மீட்டர் என்பது நடந்து வருகிறவர் கண் உயரம். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் கடைசியில் இரவெல்லாம் நடந்துபோகிற கூட்டத்தை நினைத்து வையுங்கள்.

பாபநாசம்_புரொஜெக்டர்

எல்இடி எல்லாமே தப்பு என்கிற மாதிரி எழுத வேண்டாம் சார். கிண்ணத்தில் எல்இடி பல்ப் சொருகுவது வேறு, கிண்ணத்தையே எடுத்துவிட்டு எல்இடி புரொஜெக்டர் (லென்ஸோடு வருகிற தனி விளக்கு) வைப்பது வேறு. புரொஜெக்டருக்குள்ளேயே தடுப்புத் தகடு இருப்பதால் விளிம்பு கத்தி வெட்டினாற்போல் விழும்.

அதிலும் ஒரு வண்டி மாட்டியது. வேலை சுத்தம், சுவரில் பார்த்தால் வெட்டு வலது பக்கம் மேலே ஏறுகிறது. வலது பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த புரொஜெக்டர். நமக்கு இடது பக்கம்தான் ஏறவேண்டும், ஓரத்தில் நடப்பவரைக் காட்ட. வலது ஏறினால் எதிர் டிரைவர் முகத்தில் நேராக அடிக்கும், எவ்வளவு இறக்கினாலும் தீராது. வாங்கும்போது "இடது பக்கப் போக்குவரத்துக்கு" என்று கேட்டு வாங்குங்கள். சுவரில் அடித்துப் பார்த்த பிறகே லென்ஸை ஒட்டுங்கள்.

விளக்கைப் பிரிக்க: பியூட்டைல் பசை (சூட்டில் இளகுகிற ரப்பர் பசை) போட்டதென்றால் ஹாட் ஏர் கன் வைத்துச் சுற்றிலும் இளக்கினால் மெல்ல வரும். கெட்டிப் பசை போட்ட விளக்கு விரிசல் விடாமல் வராது, அதை விட்டுவிடுங்கள். மூடும்போது பழைய பசையை முழுதாக வழித்துவிட்டுப் புது பியூட்டைல் கயிறு. பின்மூடியின் காற்றுக் குழாயை அடைக்காதீர்கள். அடைத்தால் முதல் மழையிலேயே உள்ளே வியர்க்கும். பல்ப்பின் ஃபேன் இடிக்கிறது என்று பின்மூடியைத் தூக்கி எறிகிறவர்களும் உண்டு. சம்பா வயலோரம் ஒரு ராத்திரி ஓடினால் பச்சைத் தத்துப்பூச்சி கிண்ணம் நிறைய செத்துக்கிடக்கும்.

கொள்ளிடம்_பாலம்

மார்கழி விடியக்காலை, கொள்ளிடப் பாலத்தில் பனி. முன்னால் போன வண்டி மேற்கூரையில் நீள எல்இடி பார் போட்டான். போட்ட நொடியில் பிரேக். பனி அத்தனையும் வெள்ளைச் சுவராகி அவன் கண்ணிலேயே அடித்துவிட்டது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தான்.

கண்ணுக்கு மேலேயிருந்து அடிக்கிற வெளிச்சம் பனித்துளியில் பட்டு நேராகத் திரும்பும். பனிக்கு வேண்டியது கீழேயிருந்து, அகலமாக, மேல் விளிம்பு கறாராக வெட்டின வெளிச்சம். பம்பரில், ஹெட்லைட்டுக்குக் கீழே, 10 மீட்டருக்கு 20 செ.மீ இறக்கம். மஞ்சள் போட்டால் கூச்சம் குறைவு. 55 வாட் ஆலசன் ஃபாக் லைட் (பனி விளக்கு) இரண்டுக்கும் ஒரு ரிலே, 15 ஆம்ப் ஃபியூஸ், தனி சுவிட்ச். அடைமழையில் தேங்கின தண்ணீரில் இறங்கும்முன் அணைத்துவிடுங்கள், சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரியும்.

முன்பக்க ஸ்பாட் லைட்டே பதிவு அதிகாரி அனுமதியில்லாமல் வைக்கக் கூடாது, அதே மத்திய விதிகளில் 111-வது விதி. ஃபாக் மாட்டுவதற்காக புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் குழாய்) வாங்காதீர்கள், அதுவும் 2017 டிசம்பரிலிருந்து தடை.

வேதாரண்யம்_உப்பளம்

கடலோரக்காரங்க ஒயர் கனத்தைவிட எர்த்தைக் கவனிங்க. இங்கே ஒரு வண்டியில் இடது இண்டிகேட்டர் போட்டா பின்னாடி பிரேக் லைட்டும் டெய்ல் லைட்டும் சேர்ந்து துடிக்குது. மூணு இடத்தில் பல்ப் மாத்தியாச்சாம், ஃபிளாஷர் (இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கிற ரிலே) மாத்தியாச்சாம். டெய்ல் விளக்கோட எர்த் லக்கைத் தொட்டதும் பச்சைப் பொடியா உதிர்ந்துச்சு. எர்த் போக வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்ப் வழியா சுத்தி எர்த்தைத் தேடுது, அதனால்தான் சம்பந்தமில்லாதது எரியுது. லக்கை வெட்டிப் போட்டுட்டு, ஈயம் பூசின செம்பு ஒயர், புது லக், உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு ஆக்கின பாடி, போல்ட் இறுக்கின பிறகு மேலே கிரீஸ். கிரீஸை முதலில் தடவிட்டு போல்ட் போடாதீங்க.

இன்னொண்ணு, பின்னாடி எல்இடி இண்டிகேட்டர் மாத்துறவங்களுக்கு. 21 வாட் பல்ப் போனதா நினைச்சு ஃபிளாஷர் வேகமா அடிக்கும். அதுக்கு 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை எல்இடிக்கு இணையா (பேரலலா) போடுவாங்க. அது 24 வாட் சூடு விடும். பம்பர் பிளாஸ்டிக்கில் ஒட்டினா ஓட்டை விழும், தகரத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டணும். எல்இடிக்கு ஏத்த ஃபிளாஷர் கிடைச்சா ரெசிஸ்டரே வேணாம்.

மன்னை_ஆட்டோ_எலக்ட்ரிக்

வேதாரண்யம் அண்ணன் சொன்ன கிரீஸ் விஷயம் ரிலே சாக்கெட்டுக்கும் பொருந்தும், பின் சொருகினப்புறம் வெளியே மட்டும்.

திருவையாறு சாருக்கு: ஒத்துக்கிறேன், உயரம் வைக்காம வண்டியை வெளியே விடக் கூடாது. ஆனா வரிசை முக்கியம். ரிலே முதலில், உயரம் அப்புறம். பல்ப்பைக் கழற்றி மாட்டினாலே விளிம்பு நகர்ந்திருக்கும். அதோட லென்ஸ் மஞ்சளடிச்சிருந்தா எதைப் பண்ணியும் பிரயோஜனம் இல்லை, விளிம்பே சுவரில் தெரியாது. டூத்பேஸ்ட் தேய்க்காதீங்க, ஒரு மாசத்தில் திரும்பிடும். தண்ணி விட்டு 800, 1500, 2000, 3000-ன்னு உப்புத்தாள் வரிசையா, சுத்தி டேப் ஒட்டிட்டு. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கிற திசையை மாத்துங்க, முந்தின கீறல் போயிடுச்சான்னு தெரியும். பிறகு பாலிஷ், கடைசியா வெயில் தாங்குற யூவி கிளியர் கோட். அந்தக் கோட் இல்லாட்டி ஒரு கோடைக்குள் பழையபடி மஞ்சள்தான். கண்ணாடி லென்ஸ் உள்ள பழைய 7 அங்குல வட்ட விளக்குக்கு இந்த வேலை எதுவும் வேணாம். உள்ளே ரிஃப்ளெக்டர் ரசம் போயிருக்கான்னு மட்டும் பாருங்க. போயிருந்தா விளக்கையே மாத்துங்க, துணி வெச்சுத் துடைச்சா மிச்ச ரசமும் கையோட வரும்.

குடவாசல்_டிரெய்லர்

ஹெட்லைட் பிரைட் பண்ற அண்ணன்மாருக்கு, அறுப்பு சீசனில் எதிரே தெரியவேண்டியது நாங்க. டெய்ல் லைட் ஒயர் அறுந்து, பின்னாடி ஒண்ணுமே இல்லாம வைக்கோல் ஏத்தின டிரெய்லர் தை, மாசியில் எத்தனையோ ஓடுது. வைக்கோல் பின்பலகையையே மூடிடும். பின்னாடி சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னாடி வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப். பின்பக்கம் வைக்கோல் மூடாத உயரத்தில், அச்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டணும். ஒட்டுறதுக்கு முன்னாடி தகரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, அப்புறம் சோப்புத் தண்ணி, நல்லாக் காயவிட்டு ஒட்டுங்க. எண்ணெய்ப் பிசுக்கு மேல ஒட்டினா மறுநாளே சுருண்டு விழும்.