கலைச்சொல் தேவை: கியர் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பித்தளை வளையம்

ஐ.டி.ஐ. பயிற்றுநர், நாமக்கல் – திங்கள்

அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் மாணவர்களுக்காக 12 பக்கத்தில் ஒரு பயிற்சித்தாள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பு ‘கியர் திரும்பத் திரும்பக் கடித்தால்’. எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: சின்க்ரோ ரிங்.

உதாரண வண்டி என் மச்சானுடையது. 2004 மாடல் டீசல் பிக்கப், கொல்லிமலைக்கு முட்டை ஏற்றிப் போகும். 70 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று கை ஓயாது. இரண்டாம் கியர் விழும்போது கர்ர் என்று கடிக்கிறது என்பதற்காக இரண்டு வருடத்தில் மூன்று தடவை பெட்டியை இறக்கி, மூன்று தடவையும் இந்த வளையத்தைத்தான் மாற்றினோம். ஆறு மாதம் வெண்ணெய் மாதிரி விழும். அப்புறம் மறுபடி கர்ர்.

பெட்டியைத் திறந்து பார்க்காதவர்களுக்காக: உள்ளே முன்னோக்கி ஓட்டும் பற்சக்கரங்கள் எப்போதும் கவ்வியபடியேதான் சுற்றுகின்றன. நாம் கியர் கம்பியைத் தள்ளும்போது நகர்வது பற்சக்கரம் இல்லை, பக்கத்தில் இருக்கும் ஸ்லீவ் என்ற உறை. அது ஒரு வேகத்தில் சுற்றும், பற்சக்கரம் வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் இந்தப் பித்தளை வளையம். இது பற்சக்கரத்தின் கூம்பில் போய் உரசி, வேக வித்தியாசம் தீர்ந்த பிறகுதான் ஸ்லீவுக்கு வழி விடும். 1928இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் டபுள் கிளட்ச் அடிக்க, அதாவது ஒரு கியர் மாற்றத்துக்கு இரண்டு தடவை கிளட்ச்சை மிதிக்கத் தெரிந்தவன்தான் டிரைவர்.

புது வளையத்தின் உள்பக்கம் நகத்தால் கீறிப் பார்த்தால் திருகு மரை போல நறநறவென்று இருக்கும். எண்ணெய்ப் படலத்தை அறுத்து உரசலைத் தருவது அந்த வரிகள்தாம். மச்சான் வண்டியில் கழற்றியதோ தேய்த்துக் கழுவிய குங்குமச்சிமிழ் போல வழுவழு. இந்த வளையத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் – திங்கள்

‘இயைவளையம்’ என்பது என் முன்மொழிவு. இயைதல் என்றால் பொருந்துதல். யாப்பில் அடிதோறும் இறுதி ஒன்றிவரத் தொடுப்பதை இயைபு என்கிறோம். இரண்டு சுழல்பொருள்கள் ஒன்றி வருவதற்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? வினைத்தொகை, ஆகவே முக்காலத்துக்கும் ஆகும். வகரம் இடையினம், ஒற்று மிகுமா என்ற தொல்லையும் இல்லை. கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன், ‘குரோனோஸ்’ என்றால் காலம். ஆனால் வளையம் காலத்தை ஒன்றாக்குவதில்லை, வேகத்தைத்தான். மூலச்சொல்லே பிழை, அதை ஏன் நாம் பெயர்க்க வேண்டும்?

வண்டித்தொழிலுக்குத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் மேடுபள்ளத்துக்கு அஞ்சி வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் உபரி அச்சை ‘சேம அச்சு’ என்கிறார். அந்தச் ‘சேம’த்தை எடுத்துச் சேமச்சக்கரம் என்று சொல்லாமல் ஸ்டெப்னி, ஸ்டெப்னி என்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – திங்கள் இரவு

ஐயா, ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். அங்கே தொடங்கிய உபரிச் சக்கரத் தொழிலின் பெயர் நம்மூர் சைக்கிள் கடை வரை வந்து ஒட்டிக்கொண்டது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமலேதான் பஞ்சர் ஒட்டுகிறோம். சொல்லின் வேர் விளங்கினால்தான் சொல் நிற்கும் என்பது அவ்வளவு உறுதியில்லை.

என் ஓட்டு ‘ஒத்திசைவு வளையம்’. கைப்பேசியில் தொடர்புகளை ஒத்திசைக்கிறோம், மாணவனுக்குப் பழகிய சொல். புதிதாக ஒன்றை அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் – செவ்வாய்

அம்மா, பித்தளை வளையமும் கைப்பேசியும் ஒரே வேலையா செய்கின்றன? ஒத்திசைவு என்றதும் பையன் இன்டர்நெட் வேண்டுமா என்று கேட்பான்.

முன்னாள் விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம் – செவ்வாய்

எல்லோரும் ‘பற்சக்கரம்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். எங்கள் பக்கம் சக்கரம் என்றால் சில்லு. பற்சில்லு என்றுதான் படித்தோம், படிப்பித்தோம். ‘சில்லொத்தி’ என்று இரண்டே எட்டில் முடிக்கலாமே? சில்லை ஒக்கச் செய்வது. ஒத்தடம் கொடுப்பதுபோல் மெல்ல ஒத்துவதும் ஆகும். உண்மையில் அந்த வளையம் செய்கிறதும் அதுதானே.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – செவ்வாய்

மிக அழகான சொல். ஆனால் இங்கே சில்லு என்றால் தேங்காய்ச் சில்லு, கொஞ்சம் படித்தவர்களுக்குக் கணினிச் சில்லு. கொல்லிமலையில் எடுபடாது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே ஒத்து ஊதுபவர், எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

(இதற்குப் பிறகு ஒத்து, ஒத்தூதுதல், ‘ஓத்து’ என்ற தொல்காப்பியச் சொல்லுக்கும் இதற்கும் உறவுண்டா என்று 11 மடல்கள் ஓடின. குறில் நெடில் வேறுபாட்டில் நின்றுபோயிற்று.)

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், கோவை – புதன்

நான் இந்தக் குழுவில் படிக்க மட்டும் செய்கிறவன். எங்கள் பட்டறையில் இதற்குப் ‘பித்தளை ரிங்’ என்று பெயர். பையனிடம் அப்படிச் சொன்னால் சரியான பொருளை எடுத்து வருவான். இப்போது எஃகில் மாலிப்டினம் பூசியதும் கார்பன் ஒட்டியதும் வருகின்றன. அதையும் பித்தளை ரிங் என்றே கேட்டு வாங்குகிறோம், ஒரு குழப்பமும் இல்லை.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. மூன்று தடவை ரிங் மாற்றினீர்களே, கிளட்ச் முழுசாக விடுகிறதா என்று பார்த்தீர்களா? என்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு இந்த ரிங்கே கிடையாது. அதிலும் கர்ர் என்றால் கோளாறு பெட்டிக்கு வெளியே. எண்ணெயையும் பாருங்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்ற கியர் எண்ணெய்த் தரம் போட்டிருந்தால் ஜிஎல்-4தான். ‘உசத்தி’ என்று ஜிஎல்-5 ஊற்றினால் சிலவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரித்துவிடும்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், நாமக்கல் – வியாழன்

கோவை அண்ணனுக்குக் கும்பிடு. நேற்று மாலையே ரிவர்ஸ் போட்டுப் பார்த்தோம், கர்ர். ராத்திரியே பெட்டியை இறக்கினோம். என்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலின் நடுவில், பெட்டிக்குள் போகும் கிளட்ச் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் கிரீஸ் காய்ந்து துருவேறி இறுகிக் கிடந்தது. விரல் விட்டுத் திருகினேன், அசையவில்லை. கிளட்ச்சை மிதித்தாலும் என்ஜின் அந்த வழியாகக் கிளட்ச் ஷாஃப்ட்டை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இழுக்கிற என்ஜினைப் பிடித்து நிறுத்தும் வேலை சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு பித்தளை வளையத்தின் தலையில். ஆறு மாதம் தாங்கியதே பெரிது. மூன்று தடவை பெட்டி கீழே இறங்கியபோதும் அந்தப் பேரிங் எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது. யாரும் விரலை விட்டுப் பார்க்கவில்லை.

இதனால் சொல்லைப் பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. ‘ஒத்திசைவு’, ‘இயை’ எல்லாம் கடைசியில் நடப்பதைச் சொல்கின்றன. வேகம் ஒன்றாகும்வரை வளையம் ஸ்லீவை மறித்து நிற்கிறது, கடைசி நொடியில்தான் விடுகிறது. மறிப்பது பெயரில் இருந்தால், ‘ஏன் இது இவ்வளவு நேரம் மறிக்க வேண்டியிருக்கிறது’ என்று மாணவன் கேட்பான். ‘தடுப்பு வளையம்’ என்று போடலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் – வியாழன்

அப்படி வாருங்கள். ஆனால் தடுப்பு வேண்டாம், அது போலீஸ்காரர் சாலையில் வைப்பது. ‘தகைவளையம்’. தகைதல் என்றால் தடுத்து நிறுத்துதல். அல்லது வாயிற்காவலன் என்ற பொருளில் ‘வாயில் வளையம்’.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – வியாழன்

வாயில் வளையமா? பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள், ஐயா. தகை என்றால் இன்று யாருக்கும் தகைமைதான் நினைவுக்கு வரும். கேள்வியே கேட்காமல் புரிகிற ‘சமவேக வளையம்’ போதும். நாளை அச்சு. தயவுசெய்து கையைத் தூக்குங்கள்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், நாமக்கல் – வெள்ளி காலை

சமவேக வளையம் 9, தகைவளையம் 2, ஒத்திசைவு வளையம் 2, சில்லொத்தி 1. என்னுடைய தடுப்பு வளையத்துக்கு நான் மட்டும். சரி, பெரும்பான்மைப்படி சமவேக வளையம் என்றே போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் ‘பட்டறையில் பித்தளை ரிங் என்பார்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பைலட் பேரிங்கைப் பைலட் பேரிங் என்றே விட்டுவிட்டேன், யாரும் கேட்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் – வெள்ளி காலை

‘சம’ வடமொழி. ‘வேகம்’ வடமொழி. ஐந்து நாள் பேசிக் கடைசியில் வளையம் ஒன்றுதான் தமிழா? என் மறுப்பைப் பதிவு செய்யவும்.

முன்னாள் விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம் – வெள்ளி

சமம் தமிழ்தான். அமை, சமை, சமம் என்று வரும். விரிவாக இரவு எழுதுகிறேன்.