ஏற்காடு எஸ்டேட் அலுவலகம்: புதிய கணினியில் கூலிச் சீட்டு அச்சாகவில்லை, உதவி தேவை

கேள்வி: எஸ்டேட் கணக்கர், ஏற்காடு (வியாழன், காலை)

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இப்போது பழம் பறிப்புக் காலம். ஒவ்வொருவரும் பறித்த பழத்தை அன்றன்றே நிறுத்து, மாலையில் எடையைக் கூலி மென்பொருளில் ஏற்றுகிறேன். சனிக்கிழமை மாலை கூலிப் பட்டுவாடா.

மென்பொருள் உலாவியிலேயே திறக்கும். சர்வர் சேலத்தில், அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. பழைய கணினி பழுதாகிவிட்டதால் விண்டோஸ் 11 கொண்ட புதிய கணினி அனுப்பினார்கள். உள்நுழைய முடிகிறது, எடையைப் பதிய முடிகிறது. கூலிச் சீட்டை அச்சிடப் போனால் மட்டும் "ஆட்-இன் (உலாவியோடு சேர்ந்து இயங்கும் துணை மென்பொருள்) நிறுவப்படவில்லை" என்று வருகிறது. கீழே உள்ள இணைப்பை அழுத்தி நிறுவினேன். முடிந்தது என்று காட்டியது. மறுபடி அச்சு பட்டனை அழுத்தினால் அதே செய்தி. குரோம், எட்ஜ் இரண்டிலும் மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன்.

சீட்டு இல்லாமல் கூலி கொடுக்க எனக்கு மனம் இல்லை. எந்த நாளில் எத்தனை கிலோ, எவ்வளவு முன்பணம் பிடித்தம் என்று காகிதத்தில் பார்த்தால்தான் பறிக்க வருபவர்களுக்கு நம்பிக்கை வரும்.

பதில்: வெள்ளிக்கடைக் கணக்கர், செவ்வாய்ப்பேட்டை

முதலில் உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' போய், 'செக்யூரிட்டி'யில் எல்லாப் பாதுகாப்பு அளவுகளையும் கீழே இறக்கிவிடுங்கள். எங்கள் கடையில் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் சரிசெய்தோம்.

பதில்: கணினிப் பராமரிப்பாளர், சூரமங்கலம்

தற்காலிகக் கோப்புகளை அழிப்பதில் தவறில்லை. இரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அதே கணினியில்தானே வங்கிக் கணக்கையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கையும் திறப்பீர்கள்? ஓர் அச்சு பட்டனுக்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்பதா?

சில விவரங்கள் வேண்டும். பழைய கணினியில் எந்த உலாவியில் வேலை செய்தீர்கள்? மென்பொருளின் முகவரி 'எச்டிடிபி' என்று தொடங்குகிறதா, பாதுகாப்பான இணைப்பைக் குறிக்கும் 'எச்டிடிபிஎஸ்' என்றா? ஆட்-இன் கோப்பை நிறுவும்போது நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டதா?

எஸ்டேட் கணக்கர்

பழையதில் நீல நிற 'இ' சின்னம் கொண்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். முகவரி 'எச்டிடிபி'தான், பிறகு வெறும் எண்கள். கடவுச்சொல் கேட்டது, எனக்குத் தெரியாததால் 'நோ' கொடுத்தேன். அதன் பிறகும் நிறுவல் முடிந்தது என்றே காட்டியது. உதவிக் குறிப்பில் 'ஆக்டிவ்எக்ஸ்' என்ற சொல் இருக்கிறது.

கணினிப் பராமரிப்பாளர், சூரமங்கலம்

காரணம் தெரிந்துவிட்டது. ஆக்டிவ்எக்ஸ் என்பது வலைப்பக்கத்துக்குள் சிறு நிரல்களை இயக்க மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ஏற்பாடு; உலாவிகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் அதை ஏற்கும். குரோமில் எத்தனை முறை நிறுவினாலும் குரோம் அதை எடுத்துக்கொள்ளாது. எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-இல் அந்த உலாவி தனியாக இல்லவே இல்லை. ஆனால் அதன் எஞ்சின் எட்ஜுக்குள் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட்' என்ற பெயரில் இருக்கிறது. குறைந்தது 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கிருந்தோ பழைய எக்ஸ்ப்ளோரரைப் பதிவிறக்க மட்டும் முயல வேண்டாம்.

எட்ஜின் அமைப்புகளில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போங்கள். தளங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் திறக்க அனுமதிக்கும் வரி இருக்கும். அதை 'அலவ்' என்று மாற்றி எட்ஜை மூடித் திறங்கள். அதே இடத்தில் கீழே உள்ள பட்டியலில் மென்பொருளின் முகவரியைச் சேருங்கள். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தால் முகவரிப் பட்டைக்கு இடதுபுறம் பழைய 'இ' சின்னம் தெரியும். தெரியாவிட்டால் மேற்கொண்டு எதையும் செய்வதில் பயனில்லை.

தெரிந்தால், ஸ்டார்ட்டில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' என்று தேடித் திறந்து, 'செக்யூரிட்டி'யில் 'டிரஸ்டட் சைட்ஸ்' பட்டியலில் அந்த ஒரு முகவரியை மட்டும் சேருங்கள். 'இன்டர்நெட்' என்ற பொது மண்டலத்தைத் தொடாதீர்கள். கடைசியாக, தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது தொலைவிலிருந்து இணைந்து நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுத்து, ஆட்-இன் கோப்பை வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் நிறுவட்டும். நீங்கள் 'நோ' கொடுத்த இடத்தில்தான் அது அரைகுறையாக நின்றிருக்கிறது.

எஸ்டேட் கணக்கர் (வியாழன், மாலை)

'இ' சின்னம் வந்துவிட்டது! ஆனால் 'டிரஸ்டட் சைட்ஸ்' பட்டியல் எங்கள் முகவரியை ஏற்க மறுக்கிறது.

கணினிப் பராமரிப்பாளர், சூரமங்கலம்

அந்தப் பெட்டியின் அடியில் 'ரிக்வயர் சர்வர் வெரிஃபிகேஷன்' என்று ஒரு டிக் இருக்கும். அது இருக்கும்வரை 'எச்டிடிபிஎஸ்' முகவரிகளை மட்டுமே ஏற்கும். டிக்கை எடுத்துவிட்டுச் சேருங்கள். உங்கள் சர்வர் அலுவலகத்தின் உள்வலைக்குள் மட்டும் இருப்பதால் இதைச் சொல்கிறேன். வெளி இணையத்தில் உள்ள தளமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

எஸ்டேட் கணக்கர் (வெள்ளி, மதியம்)

சேர்த்துவிட்டேன். அஸ்தம்பட்டியிலிருந்து இணைந்து ஆட்-இன்னையும் நிறுவிவிட்டார்கள். இப்போது அச்சு பட்டனை அழுத்தினால் புதிய ஜன்னல் ஒன்று திறக்கிறது. அதில் 'இ' சின்னம் இல்லை, மறுபடி அதே பழைய செய்தி. நாளை சனிக்கிழமை. கணினியைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்துவிடலாமா என்று கூட யோசிக்கிறேன்.

பதில்: நூல் கடை நிர்வாகி, அம்மாப்பேட்டை

இறங்க வேண்டாம், சகோதரி. எட்ஜில் நாம் சேர்க்கும் பட்டியல் முழுத் தளத்துக்குமானது அல்ல. ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. நீங்கள் சேர்த்தது உள்நுழைவுப் பக்கம், சீட்டு திறப்பது வேறொரு பக்கம். புதிய ஜன்னலில் உள்ள முகவரியை அப்படியே நகலெடுத்து அதே பட்டியலில் சேருங்கள். எங்கள் கிடங்கு மென்பொருளிலும் இதே தொல்லை இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

எஸ்டேட் கணக்கர் (வெள்ளி, இரவு)

அச்சாகிவிட்டது. இந்த வாரச் சீட்டு முழுவதும் மேசையில் இருக்கிறது. எடையை நோட்டுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை யாரையும் காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கடைக் கணக்கர், செவ்வாய்ப்பேட்டை

நான் சொன்ன வழி தவறு என்று புரிந்தது. எங்கள் கடைக் கணினியிலும் அன்று இறக்கியது இறக்கியபடியே இருந்திருக்கிறது. 'ரீசெட் ஆல் ஜோன்ஸ் டு டிஃபால்ட் லெவல்' பட்டனை அழுத்திச் சரிசெய்துவிட்டேன்.

எஸ்டேட் கணக்கர் (ஒரு மாதத்துக்குப் பின்)

மீண்டும் தொல்லை தருவதற்கு மன்னியுங்கள். நான் எதையும் மாற்றவில்லை. இன்று காலை முதல் 'இ' சின்னமும் இல்லை, அச்சும் இல்லை.

கணினிப் பராமரிப்பாளர், சூரமங்கலம்

தவறு என்னுடையது, அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சேர்க்கும் பக்கம் 30 நாள்தான் நிற்கும்; பக்கத்திலேயே காலாவதித் தேதி காட்டும். இப்போதைக்கு இரண்டு முகவரிகளையும் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்தினர் 'என்டர்பிரைஸ் மோட் சைட் லிஸ்ட்' என்ற கோப்பைத் தயாரித்து, குரூப் பாலிசி (அலுவலகக் கணினிகளின் அமைப்புகளை நிர்வாகி கட்டுப்படுத்தும் வசதி) மூலம் எட்ஜுக்கு அதைக் காட்ட வேண்டும். அதற்குக் காலாவதி கிடையாது, தளம் முழுவதையும் ஒரே வரியில் சேர்க்கலாம். கூடவே மென்பொருள் தந்தவர்களிடம் ஆக்டிவ்எக்ஸ் இல்லாத பதிப்பை இப்போதே எழுத்து மூலம் கேட்டு வையுங்கள்.

எஸ்டேட் கணக்கர்

இரண்டையும் சேர்த்துவிட்டேன், அச்சாகிறது. சைட் லிஸ்ட் வேண்டும் என்று அஸ்தம்பட்டிக்கு எழுதிவிட்டேன். அவர்கள் செய்து முடிக்கும்வரை 28-ஆம் நாளைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.